‘போயிருந்தேன்’ எல்லாம் ‘ஹேட் கான்’ ஆகிவிடாது

கேள்வி: ‘போன வாரம் கிளையண்டைப் பார்க்கப் போயிருந்தேன்’ என்பதை மெயிலில் ‘ஐ ஹேட் கான் டு மீட் த கிளையண்ட் லாஸ்ட் வீக்’ என்று எழுதினேன். மேலாளர் ‘ஹேட் கான்’ஐ அடித்துவிட்டு ‘வென்ட்’ என்று போட்டார். நான் எழுதியதில் என்ன தப்பு?

பதில்: மேலாளர் செய்தது சரிதான். உங்களை இழுத்துவிட்டது நம்ம தமிழ். ‘போயிருந்தேன்’, ‘பார்த்திருந்தேன்’ என்று நாம் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். போனேன், வேலை முடிந்தது, திரும்பிவிட்டேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. ஆனால் ‘இருந்தேன்’ ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் கை தானாக ‘ஹேட்’ போட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஹேட் கான்’ என்று படிக்கிறவர் இன்னொரு சம்பவத்துக்காகக் காத்திருப்பார். ‘வென் ஹி கால்ட், ஐ ஹேட் ஆல்ரெடி லெஃப்ட்’ என்பதைப் பாருங்கள்: அவர் கூப்பிட்டதும் நடந்து முடிந்தது, நான் கிளம்பியது அதற்கும் முன்னால். நடந்து முடிந்த இரண்டில் எது முந்தி என்று காட்டத்தான் பெரும்பாலும் இந்த ‘ஹேட்’ வருகிறது. உங்கள் மெயிலில் இருப்பதோ ஒரே சம்பவம், கூடவே ‘லாஸ்ட் வீக்’ என்று நாளையும் சொல்லிவிட்டீர்கள். ‘வென்ட்’ போதும். இரண்டு சம்பவம் இருந்தாலும் ‘பிஃபோர்’ என்ற சொல்லே வரிசையைச் சொல்லிவிட்டால் ‘ஐ லாக்ட் த டோர் பிஃபோர் ஐ லெஃப்ட்’ என்று எழுதலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இதே மாதிரி ஏமாற்றுகிற இன்னொன்று ‘அவர் தினமும் காலையில் நடப்பார்’. வடிவத்தைப் பார்த்தால் எதிர்காலம், பொருளோ பழக்கம். இதை ‘ஹி வில் வாக் எவ்ரி மார்னிங்’ என்று எழுதினால் இனிமேல்தான் நடக்கப் போகிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். ‘ஹி வாக்ஸ்’ என்பதுதான் வேண்டும். அலுவலக மெயிலில் இது வம்பாகவே முடியும். ஏற்கெனவே வாராவாரம் அனுப்பிக்கொண்டிருக்கிற ரிப்போர்ட்டை ‘வீ வில் செண்ட்’ என்று எழுதினால், இதுவரை அனுப்பவே இல்லையா என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்.

கேள்வி: ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019’ சரியா?

பதில்: இல்லை. தமிழில் ‘2019-லிருந்து வேலை செய்கிறேன்’ என்று நிகழ்காலத்திலேயே முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் அன்று தொடங்கியது இன்றுவரை நீள்கிறது என்று வினையிலும் காட்ட வேண்டும்: ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019’. ஆனால் இந்த ‘ஹேவ்’ ருசி கண்டதும் ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்று எழுதாதீர்கள். நேற்று என்று நாளைக் குறித்தாகிவிட்டது, ‘ஐ சா ஹிம் யெஸ்டர்டே’ அவ்வளவுதான்.

கேள்வி: சின்ன வாக்கியம் என்றால் சமாளிக்கிறேன். வாக்கியம் கொஞ்சம் நீண்டால் எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பதில்: தமிழில் ‘நாய் பூனையைத் துரத்தியது’ என்றாலும் ‘பூனையை நாய் துரத்தியது’ என்றாலும் ஓடுவது பூனைதான், ‘பூனையை’ என்பதன் கடைசியில் ஒட்டியிருக்கிற ‘ஐ’ காப்பாற்றிவிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் அப்படி ஒட்டு எதுவும் இல்லை. வினைக்கு முன்னால் நிற்பது துரத்துகிறது, பின்னால் நிற்பது ஓடுகிறது. இடம் மாறினால் கதையே மாறிவிடும்.

சரி, நீளமான ஒன்றை எடுப்போம். ‘நீங்கள் சொன்ன புத்தகத்தை நேற்று என் தங்கை நூலகத்தில் தேடினாள்.’ முதலில் கடைசி வினையைப் பிடியுங்கள், ‘தேடினாள்’. யார் தேடியது? தங்கை. அந்த இரண்டையும் முதலில் வையுங்கள்: ‘மை சிஸ்டர் லுக்ட் ஃபார்’. அப்புறம் எதை என்பது. ‘நீங்கள் சொன்ன’ தமிழில் புத்தகத்துக்கு முன்னால் நிற்கிறது, ஆங்கிலத்தில் பின்னால் போகும்: ‘த புக் யூ மென்ஷன்ட்’. மிச்சம் இருப்பது இடமும் நேரமும், வழக்கமாக இடம் முதலில், நேரம் கடைசியில். அப்படியே ஒட்டினால் ‘மை சிஸ்டர் லுக்ட் ஃபார் த புக் யூ மென்ஷன்ட் இன் த லைப்ரரி யெஸ்டர்டே’ என்று வரும். இலக்கணம் சுத்தம், ஆனால் நேற்று நூலகத்தில் வைத்துத்தான் நீங்கள் சொன்னீர்களோ என்று சந்தேகம் வருகிறது பாருங்கள். இந்த மாதிரி இடத்தில் விதியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். ‘யெஸ்டர்டே மை சிஸ்டர் வென்ட் டு த லைப்ரரி அண்ட் லுக்ட் ஃபார் த புக் யூ மென்ஷன்ட்’ என்று நேரத்தை முன்னால் தள்ளி, கூட ஒரு வினையும் சேர்த்தால் தெளிவாகிவிடும்.

கேள்வி: ‘ஐ டோன்ட் நோ வேர் இஸ் த ஃபைல்’ என்று எழுதினால் மகள் சிரிக்கிறாள்.

பதில்: ‘வேர் இஸ் த ஃபைல்?’ தனியாக நின்றால் கேள்வி, வினை முன்னால் வரும். ‘எனக்குத் தெரியாது’ என்பதற்குள் அது அடங்கிவிட்டால் கேள்வி வரிசை போய்விடும்: ‘ஐ டோன்ட் நோ வேர் த ஃபைல் இஸ்’. ‘கேன் யூ டெல் மீ’ என்று தொடங்கினாலும் இதே கதைதான், ‘வேர் த ஃபைல் இஸ்’ என்றே வரும், கேள்விக்குறி மட்டும் கடைசியில் இருக்கும்.

கேள்வி: ‘ஐ ஆல்ரெடி ஏட்’, ‘ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்’ இரண்டில் எது சரி?

பதில்: இரண்டுமே. முதலாவது அமெரிக்கர்கள் பேச்சில் சகஜம், இரண்டாவதைத்தான் பிரிட்டிஷ் பாணியில் எதிர்பார்ப்பார்கள். தேர்வுத்தாள் என்றால் இரண்டாவதையே எழுதுங்கள், அதை யாரும் சிவப்பு மையால் சுழிக்க மாட்டார்கள்.