நூல் அனுப்பாத ஆலையிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா?

கிலோ 250 ரூபாய்க்கு நூல் தர ஒப்புக்கொண்ட ஆலை, சந்தை விலை 290 ஆனதும் கைவிரித்துவிட்டது. நீதிமன்றத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிலோவுக்கு 40 ரூபாய் கேட்கலாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, சரக்கு வந்திருக்க வேண்டிய நாளின் சந்தை விலையைத்தான் பார்க்கிறது. அந்தத் தேதியிட்ட விலைப்பட்டியலைத் தயவுசெய்து இன்றே பத்திரப்படுத்துங்கள். வழக்குக்கு உயிரே அந்தத் தாள்தான். கைநழுவிய ஏற்றுமதி ஆர்டரின் லாபத்தையும் கேட்கலாம். ஆனால் ஒப்பந்தம் போடும்போதே அந்த ஆர்டர் பற்றி ஆலைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோரிக்கை 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால் வணிக நீதிமன்றம். அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத வழக்கில் முதலில் சமரசப் பேச்சுக்குப் போவது கட்டாயம். ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் தொடுத்துவிடுங்கள்.