மடிநோய் வந்த பசுவுக்கு ஃபைப்ரினோஜன் கூடுவது ஏன்?

கேள்வி: கன்று ஈன்று ஒரு மாதமான பசு. ஒரு காம்பில் மட்டும் பால் திரிதிரியாக வருகிறது, அந்தப் பக்கம் மடி வீங்கிச் சுடுகிறது. ரத்தப் பரிசோதனையில் ஃபைப்ரினோஜன் லிட்டருக்கு 9 கிராம் இருக்கிறதாம். அது ரத்தத்தை உறைய வைக்கும் புரதம் என்கிறார்கள். உடம்புக்குள் ரத்தம் கட்டிவிடுமா? இளக்கும் மருந்து கொடுக்கலாமா?

பதில்: இளக்கும் மருந்து வேண்டவே வேண்டாம். இது ரத்த நோய் அல்ல, மடி அழற்சியின் அடையாளம்.

ஃபைப்ரினோஜனைக் கல்லீரல் செய்கிறது. மாட்டுக்கு லிட்டருக்கு 3 முதல் 7 கிராம் வரை இருப்பது வழக்கம். எங்கேயாவது கிருமி புகுந்து அழற்சி தொடங்கினால் கல்லீரல் கூடுதலாகச் செய்து அனுப்பும். கடும் அழற்சியின் தொடக்கத்தில் மாட்டுக்கு வெள்ளணு (கிருமியை எதிர்க்கும் ரத்த அணு) எண்ணிக்கை கூடாமல் குறைந்துகூடப் போகும்; அதனால்தான் மருத்துவர்கள் ஃபைப்ரினோஜன் அளவையும் பார்க்கிறார்கள். வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றியிருந்தாலும் இது கூடுதலாகத் தெரியும், அதையும் கவனிக்க வேண்டும்.

சரி, பாலில் திரி எப்படி வந்தது? அழற்சியில் ரத்தத்துக்கும் பாலுக்கும் நடுவிலுள்ள தடுப்பு இளகி, ஃபைப்ரினோஜன் பாலுக்குள் கசிகிறது. த்ராம்பின் என்ற நொதி அதை வெட்டியதும் ஃபைப்ரின் இழைகளாகிவிடும். அதில் வெள்ளணுக்களும் பால்புரதமும் சிக்கிக்கொள்கின்றன. கிருமி பரவாமல் உடம்பு போடும் வேலி இது. ஆணியை விழுங்கிய மாட்டின் வயிற்றைச் சுற்றி உறுப்புகள் ஒட்டிக்கொள்வதும் இதே வேலைதான்.

ஆனால் கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தானே ரத்தப் புரதத்தை உறையவைத்து அந்த வேலிக்குள் ஒளிந்துகொள்ளும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் யூபெரிஸ் எதிர்வேலை செய்யும்: உறைவைக் கரைக்கும் மாட்டின் சொந்தப் புரதத்தையே தூண்டிவிடும். முதல் வகை என்றால் மருந்து உள்ளே எட்டுவது கடினம், திரும்பத் திரும்ப வரும். அதனால் மருந்து தொடங்கும் முன் சுத்தமாக எடுத்த பாலை, எந்தக் கிருமி என்று கண்டறியும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே ஊசி போட்டிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

திரியைப் பீய்ச்சி எடுங்கள், அழுத்திப் பிசைய வேண்டாம். அந்தக் காம்பைக் கடைசியாகக் கறந்து, பாலைத் தனிப் பாத்திரத்தில் எடுத்துக் கொட்டிவிடுங்கள், கன்றுக்கும் கூடாது. திரி நின்றதும் மருந்தை நிறுத்துவதுதான் பலர் செய்யும் தப்பு. மருத்துவர் சொன்ன நாள் வரை போடுங்கள். அப்புறம் மருந்துப் பெட்டியில் எழுதியுள்ள நாள் கழியும்வரை பாலை விற்காதீர்கள்.

மாடு படுத்துவிட்டாலோ, தீனி எடுக்காவிட்டாலோ, காம்பு நீலமாகிச் சில்லென்று ஆனாலோ அன்றே மருத்துவரை அழையுங்கள்.