டூட்டிக்கு நடுவே ஜெபம்: குவைத்துக்குப் புதிதாக வந்த ஒரு நர்ஸ் தங்கைக்கு

"அக்கா, குலசேகரத்தில் இருந்தவரை ராத்திரி குடும்ப ஜெபம் தப்பினதே இல்லை. இங்கே டூட்டி மாறி மாறி வருது, ரூமில் வேற மூணு பேர். ஜெபமே விட்டுப்போச்சு. என்ன செய்ய?" என்று கேட்டிருந்தாய்.

பயப்படாதே மக்ளே. ஊரில் உன் ஜெபத்தை ஊரே நடத்திக்கொண்டிருந்தது. சந்தியானால் சர்ச் மணி, டிவியை அணைக்கச் சொல்லி அப்பா சத்தம், பாய் விரித்து அம்மா கீர்த்தனையைத் தொடங்கினால் நீ வந்து உட்கார்ந்தே ஆக வேண்டும். இங்கே நேரம் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். அதை விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதே.

புதிதாக வருகிற பிள்ளைகள் பலர் அதிகாலையில் ஒரு மணி நேரம் என்று தீர்மானம் எடுக்கிறார்கள். ஷிப்டில் நிற்பவர்களுக்கு அது சரிவராது என்பது என் எண்ணம். நைட் முடிந்து வந்து முழங்கால் போட்டால் அப்படியே தூங்கிப்போவாய். அப்புறம் குற்ற உணர்ச்சி, அப்புறம் ஒன்றுமே இல்லை.

நம் வீடுகளில் பிடியரிசி எடுப்பதை நினைத்துப் பார். சோற்றுக்கு அரிசி அளக்கும்போதே ஒரு பிடியைக் கோயிலுக்கென்று டப்பாவில் போடுவார்கள். அதற்கென்று யாரும் தனி நேரம் ஒதுக்கியது கிடையாது. எப்படியும் நடக்கிற வேலையோடு ஒட்டிக்கொண்டதால்தான் அது தப்பவில்லை. ஜெபத்தையும் அப்படி ஒட்டவை.

உன் வேலையில் ஒட்டவைக்க நல்ல இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கையில் ஹேண்ட் ரப் தேய்க்கிறாய் அல்லவா? உலக சுகாதார நிறுவனக் கணக்கில் அதற்கு 20 முதல் 30 விநாடி, சோப்புப் போட்டுக் கழுவினால் 40 முதல் 60 விநாடி. உள்ளங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல் என்று தேய்த்து முடிப்பதற்குள் அடுத்த படுக்கையில் இருப்பவரின் பெயரைச் சொல்லி, "ஆண்டவரே, இவருக்கு இன்றைக்கு வலி குறையட்டும்" என்று மனதுக்குள் கேட்டுவிடலாம். சோப்புப் போட்டுக் கழுவும் நேரத்தில் இயேசு சொல்லிக்கொடுத்த பரமண்டல ஜெபமே முடிந்துவிடும். வாய் அசைய வேண்டாம், கண் மூட வேண்டாம். ஒரு ஷிப்டுக்குள் இது எத்தனை முறை வரும் என்று நீயே பார்.

ஆனால் மருந்து எடுக்கும்போது மட்டும் இதெல்லாம் வேண்டாம். அந்த நேரம் டோஸைப் பார், பெயரைப் பார், இரண்டாம் தரமும் பார். ஜெபித்துக்கொண்டே ஊசி மாற்றிப் போட்டால் ஆண்டவர் பேரில் பழி போட முடியாது. அதேபோல நோயாளி பக்கத்தில் நின்று சத்தமாக ஜெபிக்கவும் வேண்டாம். இங்கே முஸ்லிம்களிடம் மதப்பிரசாரம் செய்யச் சட்டம் இடம் தராது. யாராவது அப்படி எடுத்துக்கொண்டால் வீண் சிக்கல்.

இத்தனை சின்ன ஜெபம் கணக்கில் சேருமா என்று சந்தேகம் வரும். பைபிளில் வருகிற யூதன் நெகேமியாவும் வெளிநாட்டில் வேலை பார்த்தவன்தான். சூசான் அரண்மனையில் பெர்சிய ராஜாவுக்குத் திராட்சரசம் கொடுத்துக்கொண்டு நின்றான். "உனக்கு என்ன வேண்டும்?" என்று ராஜா கேட்கிறார். அவன் ஜெபித்துவிட்டுப் பதில் சொன்னான் என்று நெகேமியா புத்தகம் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. ராஜாவைக் காக்கவைத்து எவ்வளவு நேரம் ஜெபித்திருப்பான்? ஒரு மூச்சு நேரம் இருக்கும். ஆனால் அதே ஆள் முதல் அதிகாரத்தில் நாள்கணக்கில் உபவாசித்து அழுதிருக்கிறான். அதனால் நீண்ட ஜெபத்தை முழுதாகக் கைவிடாதே, ஆஃப் நாளுக்கு வைத்துக்கொள். "அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டு" என்ற வசனத்துக்கு நாலு பேர் ரூமில் வழியில்லை. மொட்டை மாடி திறந்திருந்தால் போ, இல்லையென்றால் கட்டிலில் திரையை இழுத்துவிட்டு உட்கார்.

பாங்கு சத்தம் கேட்டாலும் எனக்கு ஜெப ஞாபகம் வரும். இதைச் சொன்னால் நம்மவர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள். நான் தக்கலைக்காரி. பீர் முகமது அப்பா தர்கா இருக்கிற ஊரில் பாங்கும் சர்ச் மணியும் கேட்டு வளர்ந்தவளுக்கு அதில் என்ன வந்தது? நாளுக்கு ஐந்து முறை ஒருவர் நேரம் சொல்கிறார், அந்த நேரத்தில் நான் என் ஆண்டவரை நினைக்கிறேன்.

வீட்டு ஜெபத்தையும் விட வேண்டியதில்லை. ஊரில் இரவு எட்டு மணி என்றால் இங்கே மாலை ஐந்தரை. டூட்டி இல்லாத நாளில் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைக்கச் சொல். வீடியோ வேண்டாம். "மெலிஞ்சுட்டியே" என்று அம்மா தொடங்கினால் ஜெபம் அங்கேயே நின்றுவிடும்.

சபை ஆராதனைக்கு இங்கே வெள்ளிக்கிழமைதான் ஞாயிறு, ஏனென்றால் ஞாயிறு வேலை நாள். குவைத் சிட்டியில் தேசிய சுவிசேஷ சபை வளாகத்தில் பல மொழிச் சபைகள் முறை வைத்து ஆராதிக்கின்றன, தமிழும் உண்டு. உன் ரூமில் கத்தோலிக்கப் பிள்ளை இருந்தால் திருக்குடும்பப் பேராலயமும் சிட்டியில்தான், ஒரே டாக்ஸியில் போய் வரலாம். வியாழன் நைட் டூட்டி பார்த்தாயானால் காலை ஆராதனைக்கு ஓடாதே, தூங்கு. அப்புறம், கிறிஸ்துமஸுக்கும் 31 இரவு ஆராதனைக்கும் லீவு வேண்டுமென்றால் இப்போதே இன்சார்ஜிடம் எழுதிக் கொடு. மலையாளிப் பிள்ளைகள் ஓணம் முடிந்த கையோடு கொடுத்திருப்பார்கள்.