ஜிம் சுவர்லேர்ந்து நிஜப் பாறைக்கு

கேள்வி: சிட்டிக்குள்ள க்ளைம்பிங் ஜிம்ல கொஞ்ச மாசமா ஏறிட்டு இருக்கேன் சார். ஊருக்கு வெளிய பக்கத்துலயே பாறை இருக்கு, ஃப்ரெண்ட்ஸோட நேரா போய் ஏறலாமா?

பதில்: போங்க தம்பி, ஆனா வெளிய ஏறிப் பழகின ஒருத்தர் கூட இருக்கணும். ஜிம்ல மேல ஆங்கர், அதாவது கயிறை மாட்டுற பிடிப்பு, ரெடியா இருக்கும், கீழ மெத்தை இருக்கும், வெளிய அப்படி இல்ல, கல்லு வேற உதிரும், அதனால ஏறுறவர் மட்டுமில்ல கீழ கயிறு பிடிக்கிறவரும் ஹெல்மெட் போட்டே ஆகணும். கயிறு டைனமிக் கயிறா இருக்கட்டும், விழும்போது அது நீண்டு கொடுத்து அதிர்ச்சிய வாங்கிக்கும். முக்கியமா, கீழ கயிறு பிடிக்கிறவர் பக்கத்து நுனியில ஒரு முடிச்சு போட்டுடுங்க, ஆள இறக்கும்போது நீளம் பத்தலைன்னா நுனி பிலே டிவைஸ் (கயிறு பிடிக்கிறவர் கயிறை நிறுத்தப் பயன்படுத்துற கருவி) வழியா உருவிட்டு ஓடிடும், ஆள் அப்படியே கீழ விழுந்துடுவார், அந்த ஒரு முடிச்சு அங்கேயே மாட்டி நிறுத்திடும். சின்ன வேலைதான், பலர் விட்டுடுறாங்க, எனக்கு அதுதான் மனசு கேக்கல. மணற்கல் பாறைன்னா மழை விட்டதும் ஓடாதீங்க, ஈரத்துல அதோட பலம் குறைஞ்சு பிடி உடைஞ்சுடும், நல்லா காயட்டும். பாறையில கழுகு கூடு கட்டியிருந்தா அந்தப் பக்கமே வேணாம்.