'ஸ்மோக் ஆன் த வாட்டர்' ரிஃப் பாட்டில் கேட்பது போலவே ஒலிக்க என்ன செய்ய வேண்டும்?

டிஸ்டார்ஷன் பெடலில் கெயினை (ஒலியை எவ்வளவு கரகரப்பாக்குவது என்ற அளவை) முழுக்கத் திருகியும், டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் அந்த ரிஃப் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்கு) வெறும் இரைச்சலாகத்தான் வருகிறது, வேறு என்ன பெடல் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் வாங்க வேண்டாம். முதலில் கெயினைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள்.

அப்புறம் கையைக் கவனியுங்கள். பலர் இந்த ரிஃப்பை வழக்கமான பவர் கார்டில் (ஒரு சுரமும் அதன் ஐந்தாம் சுரமும் சேர்ந்தது), பிக்கால் (மீட்டும் தகட்டால்) அடித்து வாசிக்கிறார்கள். குழுவின் கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் வாசிப்பது அப்படி அல்ல. பவர் கார்டில் ஜி சுரம் கீழே, டி சுரம் மேலே. இவருக்கு டி கீழே, ஜி மேலே. டி, ஜி கம்பிகள் இரண்டையும் சேர்த்து 0-3-5, 0-3-6-5, 0-3-5-3-0 என்று (எண்கள் ஃப்ரெட்டுகள், 0 என்றால் திறந்த கம்பி) வாசித்தால் ரிஃப் முடிந்தது. பிக் கிடையாது, விரல்களால் இரு கம்பிகளையும் ஒரே நொடியில் இழுக்கிறார். பிக்கால் அடித்தால் ஒரு கம்பி துளி முந்திவிடும். அந்தத் துளியிலேயே ரிஃப்பின் அழுத்தம் போய்விடும். திறந்த கம்பிகள் தேவைக்கு மேல் அதிர்ந்துகொண்டிருந்தால், அந்த முதல் ஜோடியை மட்டும் ஏ, டி கம்பிகளின் ஐந்தாம் ஃப்ரெட்டில் பிடியுங்கள். சுரங்கள் அதேதான், நிறுத்துவது சுலபம்.

இந்த டி-ஜி ஜோடிக்கு ஏன் இத்தனை கனம்? இரண்டு சுரங்கள் டிஸ்டார்ஷனுக்குள் சேர்ந்து போனால், அவற்றின் அதிர்வெண் வித்தியாசமும் தனி ஒலியாக வெளிவரும். டி சுமார் 147 ஹெர்ட்ஸ், ஜி 196. வித்தியாசம் 49. அதுவும் ஜிதான், இரண்டு ஸ்தாயி கீழே! நீங்கள் வாசிக்காத ஒரு சுரம் அடியில் நின்று தாங்குகிறது. கெயினை ஏற்ற ஏற்ற இதுபோன்ற உபரி ஒலிகள் பெருகி ஒன்றையொன்று மூடிவிடும். நீங்கள் சொல்லும் இரைச்சல் பெரும்பாலும் அதுதான்.

பிளாக்மோரின் கிட்டார் ஸ்ட்ராடோகாஸ்டர், ஆம்ப் மார்ஷல், சத்தமோ ஊரைக் கூட்டும் அளவு. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோவில் இதைப் பதிவு செய்தபோது அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்து போலீஸே வந்துவிட்டது. வீட்டில் அவ்வளவு சத்தம் நடக்காது. உங்கள் பெடலில் கெயினைக் குறைத்தபடியே லெவலை (சத்த அளவை) ஏற்றுங்கள், ஆம்பில் மிட்டை (நடு ஒலியை) தாராளமாக வையுங்கள், பாஸை (அடி ஒலியை) கொஞ்சம் வெட்டுங்கள்.

இவ்வளவு செய்தும் பாட்டில் இருக்கும் கனம் வராமல் போகலாம். காரணம், அங்கே கேட்பது கிட்டார் மட்டுமில்லை. முதலில் கிட்டார் தனியாக வரும். கொஞ்ச நேரத்தில் குழுவின் கீபோர்டு கலைஞர் ஜான் லார்ட் அதே ரிஃப்பை ஹாமண்ட் ஆர்கனில் சேர்த்து வாசிப்பார். அந்த ஆர்கனும் மார்ஷல் ஆம்ப் வழியாகவே போகிறது, அதனால் எது கிட்டார், எது ஆர்கன் என்று பிரிப்பதே கஷ்டம். அதனால் உங்கள் டோனைத் தொடக்கத்தில் வரும் தனிக் கிட்டாரோடு ஒப்பிடுங்கள். பிந்தைய கனமும் வேண்டுமென்றால் கீபோர்டில் ஆர்கன் ஒலியை வைத்து, லேசான டிஸ்டார்ஷனோடு இன்னொரு டிராக்காகச் சேர்த்துக்கொள்ளலாம்.