கூரை ஒழுகுகிறது, பத்திரம் கணவர் பெயரில்: நகரத்தின் இலவசப் பழுதுபார்ப்பு கிடைக்குமா?

கேள்வி: பிலடெல்ஃபியாவில் ஒரு பழைய வரிசை வீட்டில் இருக்கிறேன். கணவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது. பத்திரம் இன்னும் அவர் பெயரில்தான். எனக்குப் பகுதிநேர வேலைச் சம்பளம் மட்டுமே. மாடி அறையில் கூரை ஒழுகி, விளக்கு வழியாகத் தண்ணீர் சொட்டுகிறது. ஒரு கான்ட்ராக்டர், "முன்பணம் கொடுங்கள், வேலையை முடித்துத் தருகிறேன். பிறகு நகரத்திடம் மானியம் வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம் அம்மா. அவர் நீட்டும் தாளில் கையெழுத்தும் போட வேண்டாம்.

முதலில் அந்த விளக்கைக் கவனியுங்கள். மெயின் பேனலில் அந்த அறைக்கான பிரேக்கரை அணைத்துவிடுங்கள். பேனலே ஈரமாக இருந்தால் தொடாதீர்கள், மின்நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். ஒழுகும் இடத்தைப் பல கோணங்களில் படம் எடுத்து வையுங்கள். வீட்டுக் காப்பீடு இருந்தால் அவர்களிடமும் பேசுங்கள். புயலில் பெயர்ந்த கூரை என்றால் பணம் கிடைக்க வாய்ப்புண்டு. நாள்பட்ட தேய்மானத்துக்குப் பெரும்பாலும் கிடைக்காது.

இனி நகரத்தின் உதவி. பிலடெல்ஃபியாவில் இதற்கென்றே 'பேசிக் சிஸ்டம்ஸ் ரிப்பேர் புரோகிராம்' இருக்கிறது. பி.எச்.டி.சி. என்ற வீட்டுவசதி அமைப்பு நடத்துகிறது. மின்சாரம், குழாய், ஹீட்டர், கூரை, ஓரளவு கட்டுமானப் பழுது ஆகிய அவசரங்களை, தகுதியுள்ள வீட்டுக்காரர்களுக்கு இலவசமாகச் சரிசெய்து தருகிறார்கள். ஆனால் பணம் உங்கள் கைக்கு வராது. அவர்கள் ஆள் வந்து பார்ப்பார், அவர்கள் ஏற்பாடு செய்யும் கான்ட்ராக்டர் வேலை செய்வார். நீங்களே ஆள் வைத்துச் செய்துவிட்டு ரசீதைக் கொண்டுபோய் நீட்டும் திட்டம் இது அல்ல. அதனால்தான் முன்பணம் வேண்டாம் என்கிறேன்.

வீடு உங்களுடையதாகவும் நீங்கள் குடியிருப்பதாகவும் இருக்க வேண்டும். வருமான வரம்பு குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து மாறும். சொத்து வரி, தண்ணீர் வரி பாக்கி இருந்தால் பயந்து ஒதுங்க வேண்டாம். தவணை ஒப்பந்தம் போட்டு, தவறாமல் கட்டிவந்தால் வழி உண்டு.

உங்கள் விஷயத்தில் சிக்கல் பத்திரம்தான். பழைய பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 'கணவன், மனைவி' என்று இருவர் பெயரும் இருந்தால், பென்சில்வேனியா சட்டப்படி பொதுவாக வீடு முழுவதும் உங்களுக்கே வந்துவிட்டது; இறப்புச் சான்றிதழே பெரிய ஆதாரம். அவர் பெயர் மட்டும் இருந்து, உயிலும் இல்லையென்றால் கதை வேறு. இருவருக்கும் பிறந்த பிள்ளைகள் இருந்தால், அவர் விட்டுச்சென்ற சொத்தில் முதல் 30,000 டாலரும் மீதியில் பாதியும்தான் உங்கள் பங்கு, மிச்சம் பிள்ளைகளுடையது. பிள்ளைகள் எவ்வளவு பாசமாக இருந்தாலும் இதை எழுத்தில் தீர்க்க வேண்டும். நகர மன்றக் கட்டடத்தில், உயில், வாரிசு விவகாரங்களைக் கவனிக்கும் 'ரெஜிஸ்டர் ஆஃப் வில்ஸ்' அலுவலகத்தில் தொடங்குங்கள். மனைவிக்கு வரும் பங்குக்கு மாநில வாரிசு வரி கிடையாது. இப்படி முடிச்சு விழுந்த பத்திரங்களுக்கென்றே இங்கே 'டேங்கிள்டு டைட்டில் ஃபண்ட்' என்ற உதவி நிதி உண்டு; பிலடெல்ஃபியா வி.ஐ.பி. என்ற இலவசச் சட்ட உதவி அமைப்பு அதை நடத்துகிறது. கூச்சப்படாமல் கேளுங்கள், இது உங்களைப் போன்றவர்களுக்காகவே ஏற்பட்டது.

பத்திரம் சரியாகும்வரை விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நாளைக்கே பி.எச்.டி.சி.யை அழைத்து, நிலைமையை அப்படியே சொல்லி, என்னென்ன தாள் வேண்டும் என்று கேளுங்கள். அழைப்பவர்கள் நிறைய, காத்திருக்க நேரலாம். "மின்விளக்கு வழியாகத் தண்ணீர் வருகிறது" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அதுவரை கூரைமேல் தார்ப்பாய் போட்டுக் கட்டும் சின்ன வேலைக்கு மட்டும் ஆள் வைக்கலாம். நீங்கள் மேலே ஏறாதீர்கள்.

வேறு ஊர்களில் இருந்து இதைப் படிப்பவர்கள் 211 என்ற உதவித் தகவல் எண்ணை அழைத்து உங்கள் நகரில் இப்படி உதவி உண்டா என்று விசாரியுங்கள். பல நகரங்கள் இதற்கு, 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசு தரும் சி.டி.பி.ஜி. என்ற சமூக மேம்பாட்டு நிதியைப் பயன்படுத்துகின்றன, அங்கே வருமான வரம்பு பொதுவாக அந்தப் பகுதியின் நடுத்தர வருமானத்தில் 80 சதவீதம். சில ஊர்களில் 'மானியம்' என்று சொல்வது, குறிப்பிட்ட வருடங்கள் அங்கேயே குடியிருந்தால் தள்ளுபடியாகும் கடனாக இருக்கும். அதற்காக வீட்டின்மேல் அடமானமும் பதிவு செய்வார்கள். இடையில் விற்றால் திருப்பிக் கட்ட வேண்டியிருக்குமா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.