கணினிக் கேள்வி பதில்: பெயர் மாற்றும் கட்டளைகள்

(கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். கமரா வைத்த கோப்புப் பெயர்களையும், பெரிய எழுத்து என்று நாம் குறிப்பிடும் இடங்களையும் மட்டும் பெரிய எழுத்தில் தட்டுங்கள்.)

கேள்வி: கோணேசர் கோயில் விழாவில் எடுத்த நானூறு படங்கள் டிஎஸ்சி_0001 என்று தொடங்குகின்றன. இணையத்தில் பார்த்த ‘ரீநேம்’ கட்டளையை உபுண்டு லினக்ஸில் கொடுத்தால் அப்படியொரு கட்டளையே இல்லை என்கிறது. நண்பரின் ஃபெடோரா லினக்ஸில் அதே வரி பிழை எதுவும் காட்டவில்லை, ஆனால் ஒரு பெயரும் மாறவில்லை. ஏன்? (நிலாவெளி வாசகர்)

பதில்: ‘ரீநேம்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு கருவிகள் இருப்பதுதான் காரணம்.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் இருப்பது பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. பெர்லை உருவாக்கிய லாரி வாலின் சிறு நிரல் ஒன்றிலிருந்து வளர்ந்தது. முன்பு பெர்லோடு சேர்ந்தே வந்தது. பின்னர் தனிப் பொதியாக (தனியே நிறுவும் மென்பொருள் தொகுதியாக) பிரித்துவிட்டார்கள். ஆகவே ‘சூடோ ஏபிடி அப்டேட்’, அதன்பின் ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால் ரீநேம்’. பொதி மிகச் சிறியது, டேட்டா கரையாது.

ஃபெடோராவின் ‘ரீநேம்’ யூடில்-லினக்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது. அதற்குப் பழைய சொல், புதிய சொல், கோப்புகள் என்ற வரிசையில் கொடுக்க வேண்டும். பெர்ல் பாணிக் கோவையை (‘எஸ்/பழையது/புதியது/’ என்ற மாற்ற விதியை) அது பழைய சொல்லாகவும், முதல் கோப்பின் பெயரைப் புதிய சொல்லாகவும் எடுத்துக்கொள்ளும். அந்தக் கோவை எந்தப் பெயரிலும் இல்லாததால் ஒன்றும் மாறாது, செய்தியும் வராது. ஃபெடோராவில் பெர்ல் கருவி வேண்டுமென்றால் ‘சூடோ டிஎன்எஃப் இன்ஸ்டால் பிரீநேம்’ கொடுத்து, கட்டளையையும் ‘பிரீநேம்’ என்றே தட்டுங்கள்.

உங்கள் வேலைக்கு, படங்கள் உள்ள அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) போய்:

ரீநேம் -என் 'எஸ்/டிஎஸ்சி_/கோணேசர்_/' *.ஜேபிஜி

‘-என்’ இருக்கும்வரை எதுவும் மாறாது. என்ன மாறப்போகிறது என்ற பட்டியல் மட்டும் வரும். அதை நிதானமாகப் படித்துவிட்டு ‘-என்’னை எடுத்து ‘-வி’ போடுங்கள். பெரிய எழுத்து நீட்சியும் (பெயரின் புள்ளிக்குப் பின்வரும் பகுதி) சிறிய எழுத்து நீட்சியும் லினக்ஸுக்கு வேறு வேறு. பட்டியல் வெறுமையாக வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

எண்ணையும் சேர்த்து அழித்துவிட்டால் எல்லாப் படத்துக்கும் ஒரே பெயர் விழும். பெர்ல் கருவி முதல் படத்தை மாற்றிவிட்டு, அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று மற்றவற்றை விட்டுவிடும். ‘-எஃப்’ கொடுத்தீர்களோ, ஒன்றின்மேல் ஒன்றாக எழுதி ஒரே ஒரு படம்தான் மிஞ்சும். மீட்டல் கட்டளை கிடையாது. கமரா அட்டையில் இதைச் செய்யாதீர்கள். பிரதி எடுத்து, பிரதியில் செய்யுங்கள்.

கேள்வி: ‘திருகோணமலை’ என்ற சொல்லை எல்லாக் கோப்புப் பெயரிலிருந்தும் நீக்கினேன். பழைய மாக் கணினியிலிருந்து வந்த சிலவற்றில் மட்டும் போகவில்லை. கண்ணுக்கு எழுத்து ஒன்றுதான். (தம்பலகாமத்து ஆசிரியை)

பதில்: குற்றம் ‘கோ’வில் இருக்கிறது. நாம் தட்டும் ‘கோ’வில் ககரத்துக்குப் பிறகு ஓகாரக் குறி ஒரே குறியீடாக நிற்கும். பழைய மாக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு அதை ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்து வைக்கும். திரையில் வித்தியாசம் தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு சொல்.

கோப்புப் பெயர்களின் குறியீட்டை மாற்றும் ‘கான்வ்எம்வி’ இதற்கென்றே பொருந்தும்; அதில் ‘--என்எஃப்சி’ என்பது பிரிந்த குறிகளை ஒன்றாக்கும். ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால் கான்வ்எம்வி’, பிறகு:

கான்வ்எம்வி -ஆர் -எஃப் யூடிஎஃப்8 -டி யூடிஎஃப்8 --என்எஃப்சி .

கடைசிப் புள்ளியை விடாதீர்கள்; அது நீங்கள் நிற்கும் அடைவு. இங்கே ‘-எஃப்’ என்பது மூலக் குறியாக்கம், மேலே சொன்ன ஆபத்தான ‘-எஃப்’ அல்ல. ரீநேமுக்கு நேர்மாறாக, இது சும்மா கொடுத்தால் ஒத்திகை மட்டுமே பார்க்கும். உண்மையில் மாற்ற ‘--நோடெஸ்ட்’ சேர்க்க வேண்டும். பிறகு உங்கள் பழைய கட்டளை வேலை செய்யும்.

நீளமான தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று. லினக்ஸில் வழக்கமான ஈஎக்ஸ்டி4 வட்டில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். ‘திருகோணமலை’ நமக்கு ஆறு எழுத்து, யூனிகோடில் பத்துக் குறியீடு, அதாவது 30 பைட். மாணவர் பெயர், பாடம், தவணை எல்லாவற்றையும் ஒரே பெயரில் திணித்தால் ‘பெயர் மிக நீளம்’ என்று கணினி மறுத்துவிடும்.

கேள்வி: பெயர் மாற்றும் கருவிகளான எம்எம்வி, ரீநேம்யூடில்ஸ், ரீநேம் மூன்றையும் போட்டுப் பார்த்தேன். வேண்டாததைச் சுத்தமாக எப்படி எடுப்பது? (மூதூர்)

பதில்: ‘சூடோ ஏபிடி ரிமூவ் எம்எம்வி ரீநேம்’ போதும். ‘பர்ஜ்’ என்பது ஈடிசி அடைவிலுள்ள அமைப்புக் கோப்புகளையும் நீக்கும். இவ்வளவு சிறிய கருவிகளில் பெரிய வேறுபாடு இராது. இனித் தேவையில்லாத துணைப் பொதிகளை நீக்கும் ‘ஆட்டோரிமூவ்’ கொடுத்தால் வரும் பட்டியலைப் படிக்காமல் ‘ஒய்’ தட்டாதீர்கள்.

ரீநேம்யூடில்ஸை எடுக்கும் முன் அதிலுள்ள ‘கியூஎம்வி’யை ஒருமுறை பாருங்கள். பெயர்களையெல்லாம் உரைதிருத்தியில் (டெக்ஸ்ட் எடிட்டரில்) திறந்துதரும், திருத்திச் சேமித்தால் மாறிவிடும். கோவைகள் பிடிபடாதவர்களுக்கு எங்கள் சிபாரிசு அதுதான்.

நீக்கிய பிறகும் பாஷ் (நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) பழைய பாதையையே தேடினால் ‘ஹாஷ் -ஆர்’ கொடுங்கள். ரீநேம் இன்னும் ஓடுகிறதா? ‘டைப் -ஏ ரீநேம்’ அது எங்கே இருக்கிறதென்று காட்டும். யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் என்று வந்தால் சிபான் (பெர்ல் நிரல்களின் இணையக் களஞ்சியம்) வழியாகவோ கையாலோ போட்டது. ஏபிடிக்கு அது தெரியாது, நீங்களேதான் அழிக்க வேண்டும். யூஎஸ்ஆர்/பின் என்று வந்தால் அது வேறொரு கோப்புக்கான இணைப்பாக இருக்கலாம்; ‘ரீட்லிங்க் -எஃப்’உடன் அந்தப் பாதையைக் கொடுத்து, அது காட்டும் உண்மையான பாதையை ‘டிபிகேஜி -எஸ்’ஸுடன் (எஸ் மட்டும் பெரிய எழுத்து) கொடுங்கள், எந்தப் பொதி என்று சொல்லும். அது யூடில்-லினக்ஸ் என்றால் கை வைக்காதீர்கள். அது இல்லாமல் கணினியே இயங்காது. பெர்லையும் அப்படித்தான், அதை நம்பி ஏராளமான பொதிகள் இருக்கின்றன.